நகலெடுத்துக் காத்த இசை: கிரேட்ஃபுல் டெட் ஒலிநாடாக்களின் வரலாறு

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஆண்டுதோறும் 25 ஒலிப்பதிவுகளைத் தேர்ந்தெடுத்து, நாடு பாதுகாக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலில் சேர்க்கிறது. 2011ஆம் ஆண்டுக்கான தேர்வில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக்குழுவின் கச்சேரி ஒன்றும் இடம்பெற்றது. 1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, நியூயார்க் மாநிலத்தின் இதாகா நகரில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி அது. அந்தத் தேர்வு அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பதிவு எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. எந்த நிறுவனமும் அதை வெளியிட்டிருக்கவில்லை. அதிகாரபூர்வமாக அது வெளிவந்தது 2017 மே மாதத்தில்தான், கச்சேரி நடந்து 40 ஆண்டுகள் கழித்து.

அதற்கு முன்பே அந்தக் கச்சேரியைக் கேட்காத ரசிகர் அரிது. கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலாகி, தபாலில் ஊர் ஊராகப் போய், பிறகு இணையத்தில் ஏறி அது பரவியது. வெளியிடப்படாத ஒரு பதிவு ஒரு நாட்டின் பண்பாட்டுச் சொத்தாக ஏற்கப்படும் நிலையை உருவாக்கியவர்கள் காசு வாங்காமல் நகலெடுத்துக் கொடுத்த சேகரிப்பாளர்கள். அரிய பதிவுகளைச் சேகரிப்பது என்றால் பூட்டி வைப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் நாடாக்களின் வரலாறு இதற்கு நேர்மாறான ஒன்றை நிறுவுகிறது. பகிரப்பட்ட பதிவே பிழைக்கிறது. அப்படிப் பகிர்வதற்குக் கலைஞரின் சம்மதமும், சேகரிப்பாளரின் ஒழுங்கும், பதிவு செய்தவருக்கு உரிய மதிப்பும் வேண்டும். முதல் இரண்டும் இந்த வரலாற்றில் கிடைத்தன. மூன்றாவது கிடைக்கப் பல காலம் ஆயிற்று.

ஒரு நாள் வாசித்தது மறுநாள் வராது

கிரேட்ஃபுல் டெட் 1965இல் கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் உருவானது. கிதார் கலைஞர்கள் ஜெர்ரி கார்சியா, பாப் வெயர், பேஸ் கிதார் வாசித்த ஃபில் லெஷ், டிரம்ஸ் வாசித்த பில் க்ரொய்ட்ஸ்மன், கீபோர்டும் ஹார்மோனிகாவும் வாசித்துப் பாடிய ரான் மெக்கெர்னன் ஆகியோர் தொடக்கக் குழுவினர். 1967இல் இரண்டாவது டிரம்ஸ் கலைஞராக மிக்கி ஹார்ட் சேர்ந்தார். நம் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் வாசித்த 'பிளானட் டிரம்' இசைத்தொகுப்பை 1991இல் உருவாக்கியவர் இந்த ஹார்ட்தான். 1995 ஆகஸ்ட் 9 அன்று கார்சியா இறக்கும்வரை 30 ஆண்டுகளில் இக்குழு சுமார் 2,300 கச்சேரிகள் செய்தது.

பெரும்பாலான ராக் குழுக்கள் ஸ்டுடியோவில் பதிவுசெய்த பாட்டை மேடையில் அப்படியே திரும்ப வாசித்துக் காட்டும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. எந்தப் பாட்டு எப்போது வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. ஒரு பாட்டு முடியாமலே இன்னொன்றுக்குள் கலக்கும். அதே பாட்டு ஓர் இரவு ஆறு நிமிடமும் வேறோர் இரவு இருபது நிமிடமும் போகும். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு 1968இல் சிறு இசைத்தட்டாக வந்தபோது அதன் நீளம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. 1969 பிப்ரவரியில் சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் வாசித்து, 'லைவ்/டெட்' தொகுப்பில் வெளியான அதே பாட்டு 23 நிமிடம் ஓடுகிறது. மனோதர்மத்துக்குப் பழகிய காதுக்கு இது புதிதல்ல. இப்படிப்பட்ட இசையில் ஸ்டுடியோ இசைத்தட்டு ஒரு குறிப்பு மட்டுமே, கச்சேரிதான் படைப்பு. பதிவாகாத கச்சேரி அழிந்துபோன படைப்பு. ரசிகர்கள் மைக் எடுத்துக்கொண்டு அரங்குக்கு வந்த காரணம் இதுதான்.

மைக் கம்பங்களுக்கு ஒரு தனி இடம்

1970களின் தொடக்கத்தில் ரசிகர்கள் செய்தது திருட்டுத்தனமான பதிவு. டேப் ரெக்கார்டரை உடைக்குள்ளும் பைக்குள்ளும் ஒளித்து வைத்து உள்ளே கொண்டு போனார்கள். குழுவின் ஊழியர்கள் கண்டுபிடித்தால் மைக் கேபிளை வெட்டியதும் உண்டு. அதே காலத்தில் புரூக்ளினைச் சேர்ந்த லெஸ் கிப்பல், நாடாக்களைக் காசில்லாமல் பரிமாறிக்கொள்ள ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த முயற்சியிலிருந்து 1974இல் பிறந்த 'டெட் ரெலிக்ஸ்' பத்திரிகை, பின்னர் 'ரெலிக்ஸ்' என்ற பெயரில் இசை இதழாக வளர்ந்தது.

குழு இந்தப் பழக்கத்தைக் கடைசிவரை எதிர்த்து நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டது. வாசித்து முடித்த பிறகு இசை கேட்டவர்களுக்குச் சொந்தம் என்பது கார்சியாவின் நிலைப்பாடு. 1984 வாக்கில் நடைமுறைச் சிக்கல் ஒன்று முற்றியது. நல்ல ஒலி வேண்டி, பதிவு செய்பவர்கள் எல்லோரும் ஒலிப்பொறியாளர் இயக்கும் ஒலிக்கலவைப் பலகைக்கு முன்னால் கூடினார்கள். உயர்த்திய மைக் கம்பங்கள் ஒலிப்பொறியாளரின் பார்வையிலிருந்து மேடையை மறைத்தன. அந்த ஆண்டு அக்டோபர் 27 அன்று, பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில், பதிவு செய்பவர்களுக்கெனக் கலவைப் பலகைக்குப் பின்னால் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. அதற்குத் தனி டிக்கெட்டும் வந்தது. உலகின் பெரிய இசைக்குழு ஒன்று, தன் கச்சேரியைப் பதிவு செய்ய இடம் ஒதுக்கி டிக்கெட் கொடுத்தது அதற்கு முன் கேள்விப்படாத செய்தி. ஒரே ஒரு நிபந்தனை: பதிவை விற்கக் கூடாது.

அந்தப் பகுதியில் நடந்த வேலை சாதாரணமானதல்ல. ஆளுயரத்துக்கு மேல் கம்பத்தைத் தூக்கி நிறுத்தி, அதன் உச்சியில் இரண்டு மைக்குகளைக் கோணம் பார்த்துப் பொருத்துவார்கள். கீழே சோனி நிறுவனத்தின் கையடக்க ரெக்கார்டர் இருக்கும். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். கச்சேரியோ இரண்டு பகுதிகளாக மூன்று மணி நேரம் நீளும். அதிலும் இரண்டாம் பகுதி பல நேரம் இடைவெளியே இல்லாமல் ஓடும். கேசட்டை எப்போது புரட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. 1978க்குப் பிறகு இரண்டாம் பகுதியின் நடுவில் டிரம்ஸ் கலைஞர்கள் இருவரும் தனியாக வாசிப்பது வழக்கமானது. அந்த நேரம் பார்த்துப் புரட்டுவது பலருடைய உத்தி. ஒருவருடைய இயந்திரத்திலிருந்து இன்னொருவர் கம்பி இழுத்து, அவரிடமிருந்து மூன்றாமவர் எடுத்து, ஒரே ஜோடி மைக்கில் பல கேசட்டுகள் நிரம்பின. பக்கத்தில் நிற்பவர் பேசினால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால், தனக்குப் பிடித்த குழுவின் கச்சேரியைக் கைதட்டாமல், பாடாமல், அசையாமல் நின்று கேட்ட ரசிகர்கள் இவர்கள்.

நகலின் வம்சாவளி

பதிவானதும் அடுத்த வேலை நகலெடுப்பது. தன்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத புதியவர், வெற்றுக் கேசட்டுகளையும் திரும்ப அனுப்பத் தபால் தலைகளையும் சேர்த்து அனுப்பினால் போதும். முன்பின் தெரியாத ஒருவர் நகலெடுத்துத் திருப்பி அனுப்புவார். ஒருவர் ஐந்து பேருக்கு, அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேருக்கு என்று கிளை பிரிந்து நகலெடுக்கும் ஏற்பாடும் இருந்தது.

இதில் ஒரு தொழில்நுட்பக் குறை உண்டு. ஜெராக்ஸ் பிரதியை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குவது போல, கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கூடும், உச்ச ஒலிகள் தேயும், இயந்திரத்தின் வேகக் கோளாறால் சுருதி சற்று நகரும். ஆகவே 'எத்தனையாவது தலைமுறை நகல்' என்பது சேகரிப்பாளர்களின் முதல் கேள்வியானது. கேசட்டின் அட்டையில் தேதி, அரங்கம், ஊர், பாடல் வரிசை ஆகியவற்றோடு, அரங்கில் மைக் வைத்து எடுத்ததா, கலவைப் பலகையிலிருந்து நேரடியாக எடுத்ததா, மூல நாடாவுக்கும் இந்தக் கேசட்டுக்கும் இடையில் எத்தனை நகல் என்பவையும் எழுதப்பட்டன. ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் எந்தப் பிரதியைப் பார்த்து எந்தப் பிரதி எழுதப்பட்டது என்று ஆராய்வார். அதே கவலையை, எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுக்கொடுக்காமல், இந்த ரசிகர்கள் தாங்களாகவே வளர்த்துக்கொண்டார்கள். இந்தக் குறிப்புகள் இருப்பதால்தான் இன்று ஒரே கச்சேரியின் பல பதிவுகளைப் பக்கத்தில் வைத்து, எது மூலத்துக்கு நெருக்கமானது என்று தீர்மானிக்க முடிகிறது.

பெட்டி கேன்டர் இழந்ததும் ரசிகர்கள் பெற்றதும்

அரங்கில் மைக் வைத்து எடுத்தவை ஒரு வகை. குழுவின் ஒலிப்பொறியாளர்களே கலவைப் பலகையிலிருந்து எடுத்தவை இன்னொரு வகை. இந்த வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் 'பேர்' (கரடி) என்று அழைக்கப்பட்ட ஔஸ்லி ஸ்டான்லி. தன் ஒலியமைப்பு எப்படி இருந்தது என்று மறுநாள் கேட்டுத் திருத்திக்கொள்ளவே அவர் ஒவ்வொரு இரவையும் பதிவு செய்தார். அந்தப் பணிக் குறிப்புகள் பின்னாளில் வரலாற்று ஆவணங்களாயின.

அவருக்குப் பின் மிகச் சிறந்த பதிவுகளைச் செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். ஒலிப்பொறியியலில் பெண்களைக் காண்பதே அரிதாக இருந்த 1970களில், தெளிவும் சமநிலையும் கூடிய கலவையில் அவர் எடுத்த பதிவுகளை ரசிகர்கள் இன்றும் 'பெட்டி போர்ட்ஸ்' என்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். கார்னெல் கச்சேரி அவர் பதிவு செய்ததே.

அந்த நாடாக்களின் கதை வருத்தம் தருவது. குழுவை விட்டு விலகிய பிறகு, பணக் கஷ்டத்தில் இருந்த கேன்டர் தன் உடைமைகளை வாடகைக் கிடங்கு ஒன்றில் வைத்திருந்தார். வாடகை கட்ட முடியாமல் போனதால் 1986இல் கிடங்கிலிருந்த பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. சுமார் ஆயிரம் நாடாக்கள் பிரிந்து வெவ்வேறு கைகளுக்குப் போயின. அவற்றில் ஒரு பகுதி நல்ல சேகரிப்பாளர்களிடம் சேர்ந்து, அடுத்த ஆண்டிலிருந்தே நகலாகிப் பரவத் தொடங்கியது. இன்னொரு பகுதி ஈரம்பட்டுச் சேதமடைந்து, பிறகு ரசிகர்களின் உழைப்பால் மீட்கப்பட்டது. கார்னெல் கச்சேரி உலகப் புகழ் பெற்றது இந்த ஏலத்துக்குப் பிறகுதான். மூல நாடாக்கள் குழுவின் காப்பறைக்குத் திரும்பி, 2017இல் முறையாக வெளியாக மேலும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இந்த இடத்தில் நாம் நின்று யோசிக்க வேண்டும். ஏலம் நடக்காமல் கிடங்கு உரிமையாளர் எல்லாவற்றையும் குப்பையில் போட்டிருந்தால், அமெரிக்க இசையின் முக்கியமான ஒரு பகுதி போயிருக்கும். அதைக் காப்பாற்றிய சேகரிப்பாளர்களை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த நாடாக்களை உருவாக்கிய பெண், தன் வாழ்நாள் உழைப்பை ஏலத்தில் இழந்தார். ஆயிரக்கணக்கானோர் இலவசமாகக் கேட்டு மகிழ்ந்த இசை அவருக்கு ஒரு வருமானமும் தராமல் போன காலம் நீண்டது. பகிர்வின் பெருமையைப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

காப்பறைக்குள் நுழைந்த சேகரிப்பாளர்

குழுவுக்கென்று சொந்த நாடாக் காப்பறை இருந்தது. 1980களில் அதைப் பராமரிக்கும் பொறுப்புக்கு வந்தவர் டிக் லட்வாலா. அவர் நூலகவியல் படித்தவரல்ல. ஹவாயில் இருந்துகொண்டு நாடா பரிமாறிய ரசிகர். கேட்ட ஒவ்வொரு கச்சேரியைப் பற்றியும் நோட்டுப் புத்தகங்களில் தன் கருத்தை எழுதி வைத்தவர். எந்த இரவு அரியது என்ற அறிவு நிறுவனத்திடம் இல்லை, சேகரிப்பாளரிடம்தான் இருந்தது என்பதற்கு அவர் நியமனமே சான்று.

1993இல் அவர் பெயரிலேயே 'டிக்ஸ் பிக்ஸ்' என்ற வரிசை தொடங்கியது. 1973 டிசம்பர் 19 அன்று டாம்பாவில் நடந்த கச்சேரி அதன் முதல் தொகுதி. மொத்தம் 36 தொகுதிகள் வந்தன. பழைய நாடாவின் குறைகள் அப்படியே இருக்கும் என்று வாங்குபவருக்கு உறையிலேயே எச்சரித்தது அந்த வரிசையின் நேர்மை. 1999இல் லட்வாலா இறந்த பிறகு டேவிட் லெமியூ அந்தப் பொறுப்பை ஏற்றார். 2012 முதல் அவர் தேர்வில் 'டேவ்ஸ் பிக்ஸ்' வரிசை வருகிறது. 1972ஆம் ஆண்டு ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளும் 2011இல் 73 குறுந்தகடுகளாக வெளியாயின. கச்சேரிகளை ஏற்கெனவே இலவசமாகக் கேட்டிருந்த ரசிகர்களே அவற்றை முண்டியடித்து வாங்கினார்கள். இலவசப் பகிர்வு விற்பனையைக் கெடுக்கும் என்ற வாதத்துக்கு இந்தக் குழுவின் அனுபவம் எதிர்ச்சான்று.

காப்பறை மட்டும் போதாது என்பதையும் இதே வரலாறு காட்டுகிறது. கீபோர்டு கலைஞர் கீத் காட்சோ 1971இல் குழுவில் சேர்ந்தபோது, பாடல்களைப் படித்துக்கொள்ள அந்த ஆண்டின் கச்சேரி நாடாக்களை வாங்கிப் போனார். அவை அவருடைய பெற்றோரின் படகு வீட்டிலேயே தங்கிவிட்டன. 2005இல்தான் திரும்பக் கிடைத்தன. அந்த நாடாக்களிலிருந்து 'டிக்ஸ் பிக்ஸ்' 35ஆம் தொகுதி வந்தது. பெரிய நிறுவனங்களின் கதையும் வேறல்ல. பீட்டில்ஸ் குழு 1962 ஜூன் 6 அன்று இஎம்ஐ ஸ்டுடியோவில் செய்த முதல் பதிவின் நாடா பாதுகாக்கப்படவில்லை. அன்று வாசித்த நான்கில் இரண்டு பாடல்களே கிடைத்தன. அவற்றில் ஒன்று, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் வீட்டில் பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்த சோதனைத் தட்டிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரே இடத்தில் ஒரே பிரதி இருப்பது எத்தனை பெரிய நிறுவனத்திலும் ஆபத்து.

இணையத்தில் எழுந்த சர்ச்சை

1990களில் டிஜிட்டல் நாடா பரவலானதும் தலைமுறைத் தேய்மானம் நின்றது. பிறகு இணையம் தபாலின் இடத்தைப் பிடித்தது. எம்பி3 போல ஒலியைச் சுருக்கும்போது தகவலை இழக்கும் வடிவங்களைச் சேகரிப்பாளர்கள் தங்கள் பரிமாற்றத்தில் ஏற்கவில்லை. இழப்பில்லாத வடிவங்களையே பயன்படுத்தி, கோப்பு வழியில் சிதையவில்லை என்று சரிபார்க்கும் குறியீட்டையும் சேர்த்து அனுப்பினார்கள். 2002இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் நிறுவனம் நேரடி இசைக்கான காப்பகத்தைத் தொடங்கியபோது, இந்த ஒழுங்கும் உழைப்பும் அப்படியே அங்கு குடியேறின.

2005 நவம்பரில் குழுவின் தரப்பு கேட்டுக்கொண்டபடி, அந்தக் காப்பகத்திலிருந்து அக்குழுவின் பதிவுகளைத் தரவிறக்கும் வசதி நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஃபில் லெஷே தன் வருத்தத்தை வெளிப்படையாகச் சொன்னார். சில நாட்களிலேயே சமரசம் வந்தது: அரங்கில் ரசிகர்கள் எடுத்தவற்றைத் தரவிறக்கலாம், கலவைப் பலகையிலிருந்து வந்தவற்றை அங்கேயே கேட்க மட்டும் செய்யலாம். யார் கையால் எடுக்கப்பட்டதோ அவர் உரிமைக்கு ஏற்ப வரம்பு வகுத்த அந்தத் தீர்வு இன்றும் நியாயமாகவே தோன்றுகிறது.

நாடாக்கள் சொல்லும் இசை வரலாறு

இத்தனை சேகரித்து என்ன பயன் என்று கேட்பவருக்குக் கார்னெல் கச்சேரியே பதில். அன்று இரண்டாம் பகுதியில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டு, நடுவில் துண்டிக்காமல், 'ஃபயர் ஆன் த மவுன்டன்' பாட்டுக்குள் செல்கிறது. இரண்டும் சேர்ந்து சுமார் 25 நிமிடம். முதல் பாட்டு 1974இலேயே இசைத்தட்டில் வந்துவிட்டது. இரண்டாவது பாட்டின் ஸ்டுடியோ வடிவம் வந்தது 1978 நவம்பரில். ஆனால் இவ்விரண்டும் மேடையில் முதன்முறை இணைந்தது 1977 மார்ச் 18 அன்று, சான்ஃபிரான்சிஸ்கோவில். ஆக, கார்னெலில் நாம் கேட்பது இரண்டு மாதம்கூட ஆகாத ஓர் இணைப்பு. இசைத்தட்டுகளை மட்டும் வைத்து இந்தக் குழுவின் வரலாற்றை எழுதினால், அந்த இணைப்பு பிறந்ததும் வளர்ந்ததும் கண்ணில் படாது.

அதே சமயம், சேகரிப்பு நம் ரசனையையும் வளைக்கிறது. கார்னெல் கச்சேரிதான் அக்குழுவின் மிகச் சிறந்த இரவு என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். முந்தைய நாள் பாஸ்டனிலும் அடுத்த நாள் பஃபலோவிலும் வாசித்ததை 2017இல் வந்த தொகுப்பில் சேர்த்துக் கேட்டால், அவையும் அதே உயரத்தில் இருப்பது தெரியும். கார்னெல் முந்திக்கொண்டதற்குக் கேன்டரின் பதிவு மிக நன்றாக இருந்ததும், அது சீக்கிரமாகப் பரவியதும் முக்கியக் காரணங்கள். மோசமான நாடாவில் சிக்கிய நல்ல இரவுகளும், நாடாவே இல்லாத 1965, 1966ஆம் ஆண்டு இரவுகளும் இந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே முடியாது. கிடைத்ததை வைத்தே சிறந்ததைத் தீர்மானிக்கிறோம் என்ற எச்சரிக்கை எல்லா வரலாற்றாய்வுக்கும் பொருந்தும்.

2008இல் குழு தன் ஆவணங்களைச் சாண்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கியது. கச்சேரிச் சுவரொட்டிகளும் ரசிகர் கடிதங்களும் ஆய்வாளர்களின் கைக்கு வந்தன. தெருவில் தொடங்கிய சேகரிப்பு கல்விப்புலத்துக்குள் போனது இப்படித்தான். ஆனால் முதல் ஆவணக்காரர்கள் மைக் கம்பத்தைத் தூக்கிச் சென்றவர்களே.

உங்கள் வீட்டில் யாரும் வெளியிடாத ஒரு கச்சேரி நாடாவோ, பாட்டு வாத்தியாரின் குரலோ, ஊர்த் திருவிழாவின் நாதஸ்வரமோ பதிவாகி இருந்தால், இந்த வரலாற்றிலிருந்து மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். யார், எங்கே, எந்தத் தேதியில், எதில் பதிவு செய்தது என்று இன்றே எழுதி வையுங்கள். நாடா கெடுவதற்கு முன் இழப்பில்லாத வடிவத்தில் டிஜிட்டலாக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வையுங்கள். பிறகு பாடியவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ சம்மதம் கேட்டு, பதிவு செய்தவரின் பெயரைச் சேர்த்து, கேட்க விரும்புபவர்களுக்குக் கொடுங்கள்.